லொக்கா, நொசிக்கா? மலைக்காணிக்கு நான் எடுத்த நியாயம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம் பாட்டி கல் பொறுக்கி, பாத்தி கட்டி, லீக்சும் கோவாவும் போட்ட துண்டு ஏழெட்டுப் பேர்ச் இருக்கும். அதற்கு உறுதி, அதாவது காணிப் பத்திரம், கேட்டுப் போன வருடம் நான்தான் மனு எழுதினேன். ஏழ்மையைச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. சொத்துரிமையே பெரிது என்னும் சுதந்திரவாதிகளின் வாதத்தை வைத்தே கேட்க நினைத்தேன்.

நிலத்தின் வாடகை எல்லோருக்கும் பொது என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜோர்ஜை முதலிலேயே விட்டுவிட்டேன். உறுதி கேட்பவருக்கு அது உதவாது. மிஞ்சியவர்கள் இருவர்.

சுதந்திரவாதிகளின் மூதாதையான ஆங்கிலேயத் தத்துவவாதி ஜோன் லொக்கை எல்லோருக்கும் உடனே பிடித்துவிடும். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் உழைப்பைக் கலந்தவருக்கு அது சொந்தம். மற்றவர்களுக்கும் போதுமானதும் நல்லதும் மிஞ்ச வேண்டும். காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் தன் வேலைக்காரன் வெட்டிய புற்கரணும் (மண்ணோடு வெட்டிய புல்) தன்னுடையதே என்று, இதைச் சொன்ன அதே அத்தியாயத்தில் லொக் எழுதுகிறார். பேருக்கும் அரைப்பேருக்கும், அதாவது முழுநாள், அரைநாள் கூலிக்கு, உழைத்தவர்களின் வியர்வை அப்போது தோட்டத் துரையின் கணக்கில்தான் சேரும். அங்கே நின்றுவிட்டேன்.

அமெரிக்கத் தத்துவவாதி ரொபட் நொசிக் 1974இல் மூன்று கேள்விகள் வைத்தார்: முதலில் எப்படிக் கிடைத்தது, எப்படிக் கைமாறியது, இடையில் அநியாயம் நடந்திருந்தால் எப்படித் திருத்துவது. கம்பனிக்காரர்களுக்கு உகந்தவர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் மூன்றாவதைப் படிப்பதில்லை. எனக்கு அதுதான் எல்லாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மாறாக நிரூபிக்கும் வரை முடிக்கு, அதாவது பிரித்தானிய அரசுக்கு, உரியவை என்றது. முடி அங்கே ஒரு மண்வெட்டி மண் கொத்தியதில்லை. அந்த உரிமைதான் கோப்பித் துரைகளுக்கு விற்கப்பட்டது, தேயிலைக்கு மாறியது, 1975இல் அரசுக்கு வந்தது, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. முதல் முடிச்சே கோணல் என்றால் பிந்திய உறுதி எதுவும் அதை நேராக்காது.

இதே கணக்கில், அந்தக் காடுகளை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்த கண்டிக் கிராமத்தவருக்கு எங்களுக்கு முந்திய உரிமை உண்டு. அதை மறைத்து இந்த வாதத்தை வைக்கக் கூடாது. மலை முழுவதும் எங்களுடையது என்று நொசிக் சொல்லித் தரமாட்டார். ஆனால் 1948இல் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமையைப் பறித்தபோது காணி கேட்கும் வாசலும் அடைபட்டதே, அதுவும் திருத்த வேண்டிய அநியாயம்தான். பழைய கணக்கு முழுதாகத் தெரியாத இடத்தில், மிகக் கீழே இருப்பவர்களை உயர்த்தும் பருமட்டான விதி ஒன்று பொருந்தலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். எவ்வளவு திருப்பித் தருவது என்பதற்கு அவரிடம் அளவுகோல் இல்லை. நீதிமன்றத்தில் இது எவ்வளவு தூரம் நிற்கும் என்றும் என்னால் சொல்ல முடியாது; நான் வழக்காடியவன் இல்லை.

மனுவின் முதல் பந்தியில் பாட்டியின் உழைப்பை எழுதியிருந்தேன். அதை இரண்டாம் பந்திக்கு இறக்கி, 1840ஐ மேலே வைத்தேன்.