பொங்கல் தீர்ந்த பிறகு வந்து சேர்ந்தவள் எழுதுவது

மாரத்தானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரை மாரத்தானை, அதாவது 21 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிற ஆட்கள். அவர்கள் வந்து சேரும்போது மேளம் அடித்துக்கொண்டிருக்கும், பொங்கலில் ஆவி பறக்கும், "ஏற்பாடு பிரமாதம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் மூன்று மணி நேரக்காரி. அதனால் இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

பாபநாசத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறோம். வயது 46. சர்க்கரை மாத்திரை விற்கிறவளே அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை வந்தபோது குடமுருட்டிக் கரையில் நடக்க ஆரம்பித்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே ஞாபகம் இல்லை. இது என்னுடைய இரண்டாவது 21 கிலோமீட்டர். பந்தயத்தின் பெயரைப் போடப்போவதில்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் தொடங்கி, திருவையாறு ரோட்டில் கண்டியூர் தாண்டி, குடமுருட்டிப் பாலத்துக்கு முன்னால் திரும்பி வரவேண்டும். ஓடியவர்களுக்கு அது போதும். கட்டணம் 899 ரூபாய். டி-ஷர்ட், மெடல், டிபன் எல்லாம் அதில் சேர்த்தி.

பாதையைப் பற்றிக் குறையே சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அதைத் தாண்டினால் வெட்டாறு. போக மூன்று, வர மூன்று. தட்டையான ரோட்டிலேயே ஓடிப் பழகிய காலுக்கு அந்த ஏற்றமே பெரிசு. மேட்டூரை ஜனவரி 28-ஓடு மூடிவிடுகிற வழக்கம் என்பதால் மாசியில் ஆற்றில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு ஓரமாகத் தண்ணீர். இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு. வைக்கோல் வாசனையோடு விடியற்காலையில் ஓடுவது என்பது மெரினாக்காரர்களுக்குக் கிடைக்காத விஷயம்.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

டி-ஷர்ட்டையும் எண் அட்டையையும் முதல் நாளே நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஒன்றுமில்லை. மன்னார்குடியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு அதற்கென்று ஒரு நாள் போகிறது. எனக்குக் கரந்தையில் நாத்தனார் வீடு இருந்ததால் பிழைத்தேன். சட்டையைப் பிரித்துப் பார்த்தால் பெண்கள் அளவு என்று எழுதி ஆண்கள் சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். தோள் என் முழங்கை வரை வந்தது. நாத்தனாருக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. "ஏன் அண்ணி, நெல்லு காயப்போடற ரோட்டுல ஓடறதுக்குக் காசு வேற குடுத்தீங்களா?" பதில் சொல்லாமல் தூங்கப்போய்விட்டேன்.

காலை 4.45-க்கு மைதானத்தில் இருந்தேன். பெண்களுக்கு இரண்டு நடமாடும் கழிப்பறை. ஒன்றில் விளக்கில்லை, ஒரு பெண் உள்ளே போக, இன்னொருத்தி வெளியிலிருந்து செல்போன் டார்ச்சைக் கதவிடுக்கு வழியாகக் காட்டினாள். அந்த வரிசையில் நான் இருபது நிமிடம் நின்றேன். ஆண்கள் வழக்கம்போல சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டம் 5.30-க்கு என்று அச்சடித்திருந்தார்கள். 5.30-க்கு மேடையில் ஜும்பா நடந்தது. 5.45-க்கும் ஜும்பா. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார் என்று அறிவிப்பு. அவர் வந்து, பொன்னாடை போர்த்தி, இரண்டு பேர் பேசி, கொடியசைத்தபோது மணி 6.10. நாற்பது நிமிடம். இந்த நாற்பது நிமிடத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கப்புறம் நான் சொல்லப்போகிற அத்தனை குறையும் இதன் வயிற்றில் பிறந்தவைதான்.

முதல் பத்து கிலோமீட்டர் உண்மையிலேயே நன்றாக நடத்தினார்கள். ஒவ்வொரு முக்கிலும் போலீஸ்காரர். பாதி ரோட்டைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். திருவையாறு பஸ் மறுபாதியில் மெதுவாகப் போனது. இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை. சர்வதேச விதிகளில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்கிற கணக்குதான் இருக்கிறது, எங்கள் புழுக்கத்துக்கு இந்த இரண்டரை சரியான முடிவு. என்.எஸ்.எஸ். பிள்ளைகள் பேரைக் கேட்டுக் கேட்டுக் கைதட்டினார்கள். பழத்தை முழுசாகக் கொடுக்காமல் தோலோடு பாதியாக நறுக்கி வைத்திருந்தது யார் யோசனையோ, நல்ல யோசனை. ஓடும்போது ஒரு முழுப் பூவன்பழத்தைத் தின்ன முடியாது.

ஆனால் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் விஷயத்தில் என் கண்ணை மூடிக்கொள்ள முடியாது, அது என் தொழில். ஏழரையாவது கிலோமீட்டர் மேசையில் ஒரு பையன் 20 லிட்டர் கேனில் மூன்று பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 20.5 கிராம், அதாவது லிட்டருக்கு ஒரு பாக்கெட். அந்தக் கேனுக்கு இருபது போட வேண்டும். மூன்று போட்டால் அது ஆரஞ்சு வாசனை அடிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். நின்று சொன்னேன். "அக்கா, மொத்தமே இவ்வளவுதான் குடுத்தாங்க" என்றான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அடுத்த மேசையில் அட்டை டப்பாவில் வருகிற இனிப்புப் பானம். அந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டுவிட்டது; எங்கள் கடைக்கும் அது வந்தது. மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் முக்கியம். மூன்று மணி நேரம் வியர்த்து, மேசைக்கு மேசை வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைசுற்றல், வாந்தி, சில பேருக்கு வலிப்பு வரை போகும். தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீரை ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

கண்டியூரில் மட்டும் கதை வேறு. அங்கே ஏற்பாட்டாளர்களின் மேசைக்கு நூறடி தள்ளி ஊர்க்காரர்களே ஒரு கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பானையில் நீர்மோர், உப்பு சரியாக, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளி. எவர்சில்வர் டம்ளர். பக்கத்தில் ஒரு அம்மா பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் வைத்துக்கொண்டு டம்ளரை அலசி அலசி அடுக்கினார். ஒரு பேப்பர் கப் கிடையாது. மற்ற மேசைகளைச் சுற்றி ரோடெல்லாம் கப் மிதிபட்டுக் கிடந்தது. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை என்பது மேசை போட்டவர்களுக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. "யாரு சொல்லி வெச்சீங்க?" என்று பந்தலில் இருந்த பெரியவரைக் கேட்டேன். "நடந்து வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்க யாரும் சொல்லணுமாம்மா? சித்திரையில பல்லக்கு வரும்போது வந்து பாருங்க" என்றார்.

அவர் சொன்னது ஏழூர் விழாவை. ஐயாறப்பர் பல்லக்கு திருவையாற்றிலிருந்து கிளம்பித் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போய்த் திரும்பும். அதுவும் சித்திரை வெயிலில். கூடவே சனம் நடக்கும், எந்த ஊரிலும் தொண்டை காயாது. கடைசி ஆள் போகிறவரை பந்தலைப் பிரிக்கிற வழக்கமும் கிடையாது.

திரும்புகிற இடத்தில் சின்ன வேடிக்கை. கோன் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு அறுவடை மிஷின் நின்றுகொண்டிருந்ததாம். டிரைவரைக் காணோம் என்று கோனை இருநூறு மீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். அங்கிருந்த பையனே சிரித்துக்கொண்டு சொன்னான். போக இருநூறு, வர இருநூறு, ஆக நானூறு மீட்டர். என் வாட்சில் கடைசியில் 21.5 வந்தது. பந்தய தூரத்தை முறையாக அளக்கிறவர்கள் சைக்கிள் சக்கரத்தில் கணக்குக் கருவி மாட்டி அளந்து, குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டி வைப்பார்கள். அரை மாரத்தானுக்கு அது 21 மீட்டர் வரும். இவர்கள் அதைப்போல இருபது மடங்கு தாராளம். எனக்குப் பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று ஆறு மாதம் பயிற்சி எடுத்த ஒரு பெண் 2.01-இல் வந்து அழுதுகொண்டிருந்ததைப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பதினாறாவது கிலோமீட்டர் மேசைக்கு வந்தபோது மணி 8.20 தாண்டிவிட்டது. மேசை இருந்தது, காலிக் கேன்கள் இருந்தன. அதிலிருந்து இந்தப் பக்கம் 10 கிலோமீட்டர்காரர்களும் 5 கிலோமீட்டர் பள்ளிப் பிள்ளைகளும் ஓடிய பாதை. பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டரையில் மேசையே இல்லை. வெயில் நெற்றிக்கு நேராக.

பள்ளியக்ரகாரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை, அப்படியிருக்க ரோட்டில் கொட்டாமல் எங்கே கொட்டுவார்கள்? நெல்லைக் காலால் அளைந்து வரி வரியாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆயா என்னைப் பார்த்தார். "மிதிச்சிடாத தாயி, சுத்திப் போ" என்றார். சுற்றிப் போனேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நில்லு நில்லு" என்று கூப்பிட்டு, குடை நிழலில் வைத்திருந்த செம்பைக் கொடுத்தார். மண்பானைத் தண்ணீர். முக்கால் செம்பைக் குடித்துவிட்டேன். அது அவர் மத்தியானம் வரைக்கும் வைத்திருந்த தண்ணீர் என்று அப்புறம்தான் உறைத்தது.

ஒன்பது மணிக்குக் கரந்தையில் இருக்கிறேன். போலீஸ்காரர் கயிற்றைச் சுருட்டுகிறார். பஸ், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் என் பக்கம். "ஒம்பது மணிக்கு ரோட்டைத் திறக்கச் சொல்லித்தாம்மா ஆர்டர், ஓரமாப் போங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஓட்டத்தை முடிக்க மூன்றரை மணி நேரம்தான் கெடு, கட்-ஆஃப் என்பார்கள். 5.30-ஓடு கூட்டினால் 9. கொடியசைத்ததோ 6.10. தாமதம் மேடையில் நடந்தது, அதைக் கழித்தது எங்கள் கணக்கில். எனக்குப் பின்னால் இன்னும் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். அதில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரும் உண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவர். அவர்களும் லாரிக்கு நடுவில்தான் வந்திருப்பார்கள்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது 2 மணி 57 நிமிடம். முடிவுக்கோட்டில் இரண்டு பேர் டைமிங் மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி சுருட்டிய மேட்டைத் தாண்டித்தான் ஓட்டத்தை முடித்தேன். எண் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சிப் அந்த மேட்டின் மேல் போனால்தான் நேரம் பதிவாகும். சாயங்காலம் முடிவைப் பார்த்தால் என் பேருக்கு நேராக டி.என்.எஃப். ஓட்டத்தை முடிக்கவில்லையாம். மெடல் கழுத்தில் தொங்குகிறது, முடிக்கவில்லையாம்! என் வாட்ச் பதிவையும், மேடைக் கடிகாரத்தோடு நாத்தனார் எடுத்த போட்டோவையும் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத் திருத்திச் சான்றிதழ் அனுப்பினார்கள். அதைச் சொல்லிவிட வேண்டும்.

பொங்கல் தீர்ந்துவிட்டது. வடையும் இல்லை. அண்டாவில் கேசரி மட்டும் இருந்தது, சர்க்கரைக்காரிக்கு! பரிமாறிய அண்ணன் சங்கடப்பட்டு, தனக்கு எடுத்துவைத்திருந்த சாம்பாரையும் இரண்டு இட்லியையும் என் தட்டில் வைத்தார். சாம்பார் அருமை என்று பதிவு செய்கிறேன்.

அடுத்த வருஷத்துக்கு முன்பதிவு தொடங்கிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, இப்போதே பெயர் கொடுத்தால் கட்டணம் 699. இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுகிறவர் என்றால் தாராளமாகப் பெயர் கொடுங்கள், உங்களுக்கு ஒரு குறையும் தெரியப்போவதில்லை. என்னை மாதிரி ஆளாக இருந்தால் 10 கிலோமீட்டர் போதும், அல்லது இடுப்பில் சொந்தத் தண்ணீரும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள். சிறப்பு விருந்தினரைப் பரிசளிப்புக்கு அழைக்கலாமே, எங்களைக் காலை 5.30-க்கே விட்டுவிடுங்கள் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மேட்டை எத்தனை மணிக்குச் சுருட்டுவீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் வரட்டும், பணம் கட்டுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். நாத்தனார் வேறு, "அண்ணி, எனக்கும் சேர்த்து ஒரு அஞ்சு கிலோமீட்டர் போட்டுருங்க" என்கிறாள்.