இருட்டைக் காப்பது சட்டமா, விருந்தாளியா?

இரவு வானத்தை விளக்கு வெளிச்சத்திலிருந்து காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சட்டம் போட்டு விளக்கை அடக்குவது. மற்றொன்று, நட்சத்திரம் பார்க்க ஆட்களை வரவழைத்து, இருட்டாலேயே ஊர்க்காரர்களுக்கு நாலு காசு கிடைக்க வைப்பது. முதல் வழிக்கு ஸ்பெயினின் லா பால்மா தீவைப் பார்க்கலாம், இரண்டாவதுக்கு லடாக்கின் ஹான்லேயை.

லா பால்மாவில் 1988லேயே வானத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. தெருவிளக்கின் ஒளி மேலே சிந்தக் கூடாது. விளம்பர விளக்கும் அலங்கார விளக்கும் நள்ளிரவுக்கு மேல் எரியக் கூடாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டெனெரீஃப் தீவில், லா பால்மாவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்கும் இதே சட்டம்தான். அடுத்த தீவு விளக்கின் மேலும் கை வைத்தார்களே, அங்கேதான் இதன் பலம். வான் பார்க்க வரும் பயணிகளை ஈர்ப்பதெல்லாம் அப்புறம் வந்த வேலை.

ஹான்லேயின் கதை வேறு. 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் மையத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி 2000த்திலிருந்தே அங்கே இருக்கிறது. அதைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டையில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டரை 2022 டிசம்பரில் இருண்ட வான் காப்பகமாக அறிவித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்குப் பயிற்சி கொடுத்துத் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தன் வீட்டில் தங்கும் விருந்தாளிக்கு வானத்தைக் காட்டுவதில் அந்தக் குடும்பத்துக்கு வரும்படி. அதனால் ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னால் முணுமுணுக்க மாட்டார்கள். அபராதம் போட்டு இந்த மனசை வாங்க முடியாது.

ஆனால் வருகிற விருந்தாளி காரில்தானே வருகிறார்! இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். அதைக் கெடுக்க ஒரே ஒரு ஹெட்லைட் போதும். ஜவ்வாது மலைக் காவலூருக்கு ஒரு சனிக்கிழமை போனபோது நானே இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். வண்டியைத் திருப்பிய அந்த ஒரு நொடியில், மங்கலாய்த் தெரிந்த பால்வீதி போயே போச்சு. பக்கத்தில் நின்ற குடும்பம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கூட்டம் பெருகினால் விடுதி, கடை, போர்டு விளக்கு என்று ஒவ்வொன்றாய் வரும். இருட்டை விற்கப் போய் இருட்டையே தின்றுவிடுகிற ஆபத்து ஹான்லேக்கு உண்டு.

என்னைக் கேட்டால், ஆள் குறைவான, இருட்டு இன்னும் மிச்சமிருக்கிற இடத்துக்கு ஹான்லே வழிதான் சரி. அதுவும் ஓர் இரவுக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைத்தால் மட்டும். வெளிச்சம் வெளியூரிலிருந்து வருகிறதென்றால் அந்த வழி செல்லாது.

காவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹான்லேயை நடத்தும் அதே மையத்தின் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986லிருந்து அங்கே இருக்கிறது. அந்த வானத்தை வெளுக்க வைப்பது மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களின் விளக்குகள். காவலூரில் எத்தனை ஹோம்ஸ்டே திறந்தாலும் வாணியம்பாடியில் ஒரு கடைக்காரர் தன் போர்டை எதற்காக அணைக்கப் போகிறார்? அங்கே லா பால்மா மாதிரிச் சட்டம்தான் வேண்டும்.