திண்ம இயக்கவியல் ஆய்வா, கட்டமைப்பு வடிவமைப்பா? சிங்கப்பூரில் இரு பாதைகள்

குடிசார் அல்லது இயந்திரப் பொறியியல் பட்டத்தின் கடைசி ஆண்டில், தகைவு (பொருளுக்குள் எழும் விசைச்செறிவு), திரிபு (அதனால் வரும் உருமாற்றம்), விரிசல் ஆகியவற்றில் மனம் ஊன்றிய மாணவர் முன் சிங்கப்பூரில் இரண்டு பாதைகள் உள்ளன. வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து சில ஆண்டுகளில் தொழில்முறைப் பொறியாளராக, அதாவது வடிவமைப்புகளில் சட்டப்படி கையெழுத்திடும் தகுதி உடையவராக, பதிவு பெறலாம். அல்லது பல்கலைக்கழகத்திலேயே தங்கி, திடப்பொருள்கள் சுமையில் எப்படி வளைகின்றன, உடைகின்றன என்பதை ஆராயும் திண்ம இயக்கவியலில் முனைவர் ஆய்வைத் தொடங்கலாம். இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் சம்பளத்திலிருந்து தொடங்குகிறார்கள். என் பார்வையில் அதைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு: முதல் பாதையில் உள்ளவருக்கான தேவையைச் சட்டமே உருவாக்கி வைத்திருக்கிறது, இரண்டாவது பாதையில் உள்ளவர் தமக்கான தேவையைத் தாமே தேடிக் கண்டடைய வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பின்னணியில் ஒரு பேரிடர் இருக்கிறது. 1971ல் எழுப்பப்பட்ட ஹோட்டல் நியூ வோர்ல்டு கட்டடம் 1986 மார்ச் 15 அன்று இடிந்து விழுந்ததில் 33 பேர் உயிரிழந்தனர். வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அதையடுத்து வந்த 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெரிய கட்டடங்களின் வடிவமைப்பை அதனோடு தொடர்பில்லாத அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் ஒருவர் தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்றாக்கியது. கட்டி முடித்த பிறகும் வேலை தொடர்கிறது. பெரும்பாலும் குடியிருப்பாகப் பயன்படும் கட்டடங்களைப் 10 ஆண்டுக்கு ஒருமுறையும் ஏனையவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் தொழில்முறைப் பொறியாளர் ஆய்வு செய்தாக வேண்டும் என்பதால், கட்டுமானத் துறை தொய்வடையும் ஆண்டுகளிலும் அவருடைய கையெழுத்துக்கு மதிப்புக் குறைவதில்லை.

அந்தக் கையெழுத்தைப் பெறுவதற்கான வழி நீண்டது, ஆனால் தெளிவானது. ஏற்கப்பட்ட பட்டம், அடிப்படைப் பொறியியல் தேர்வு, குறைந்தது 4 ஆண்டு நடைமுறை அனுபவம், தொழில்நடைமுறைத் தேர்வு, நேர்காணல் என்ற படிகளைக் கடக்க வேண்டும். தமிழகத்திலிருந்து வருவோர், தங்கள் பட்டம் தொழில்முறைப் பொறியாளர் வாரியத்தின் ஏற்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதை வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பல ஆண்டு வேலை பார்த்த பிறகு அதை அறிவது துயரமானது.

அன்றாட வேலையில் இயக்கவியல் எவ்வளவு ஆழமாக வருகிறது என்று கேட்டால், எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்றே சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலில் அறிமுகமாகி, 2015 முதல் பழைய பிரிட்டிஷ் விதித்தொகுப்புகளின் இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்ட யூரோகோட் எனும் ஐரோப்பியக் கட்டமைப்பு வடிவமைப்பு விதிகளுக்குள்தான் பெரும்பாலான நாள்கள் கழியும். எஞ்சிய நேரத்தை வரைபடத் திருத்தங்களும் கட்டுமான ஒப்பந்ததாரரின் கேள்விகளும் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் சில இடங்களில் பொருள் சுவையேறுகிறது. சுமத்ராவில் ஏற்படும் நிலநடுக்கத்தின் அதிர்வு, பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்து இங்குள்ள மென்களிமண்ணில் பெருகி, உயரமான கட்டடங்களை அசைக்கிறது. ஆகவே அத்தகைய நிலத்தில் எழும் 20 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு நிலநடுக்கக் கணக்கும் தேவைப்படுகிறது. ஆலையில் முடித்த அறைப்பெட்டிகளை அடுக்கி 56 மாடி உயர்ந்த அவென்யூ சவுத் ரெசிடன்ஸ் போன்ற திட்டங்களில், பெட்டிகளுக்கிடையிலான இணைப்பு காற்று, நிலநடுக்கம் போன்றவை தரும் கிடைவிசையை எப்படிக் கடத்துகிறது என்பது உண்மையான இயக்கவியல் கேள்வி.

ஆய்வுப் பாதையில் இத்தகைய கேள்விகளே முழுநேர வேலை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் உயர்திறன் கணினி ஆய்வுக் கழகம் ஆகியவை இதற்கான முக்கிய இடங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கான சிங்கா விருது, 4 ஆண்டுகள் வரை கல்விக் கட்டணத்தை ஏற்று மாத உதவித்தொகையும் தருகிறது. அத்தொகையில் சிக்கனமாக வாழலாம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பொறுப்புள்ளவருக்கு அது போதாது.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் பணியை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடங்கள் மிகக் குறைவு, போட்டியோ உலகெங்கிலுமிருந்து வருகிறது. ஆனால் கட்டடங்களுக்கு வெளியே இந்தப் படிப்புக்குள்ள சந்தை பலர் நினைப்பதைவிட அகலமானது. சில்லு உறையாக்கத்தை, அதாவது மின்னணுச் சில்லைப் பலகையில் பொருத்தி உறையிடும் வேலையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சிலிக்கன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு விரிகிறது, அதைத் தாங்கும் பலகையோ 15 பங்குக்கு மேல் விரிகிறது. இரண்டையும் இணைக்கும் உலோக ஒட்டான ஈயமற்ற பற்றாசை உருக்க 240 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிரவைக்கும்போது இந்த வேறுபாடு உறையை வளைக்கிறது. பிறகு கருவி இயங்கி அணையும் ஒவ்வொரு முறையும் பற்றாசுப் புள்ளிகள் சிறிது சிறிதாகக் களைப்படைந்து விரிசல் விடுகின்றன. இதைக் கணிக்க காஃபின், மேன்சன் இருவரும் 1950களில் தனித்தனியே கண்ட உறவே இன்றும் தொடக்கப்புள்ளி. சிங்கப்பூரின் சிலேத்தார் வட்டாரத்தில் உள்ள விமான எஞ்சின் துறைக்கும், கெப்பலின் கடல்துறைப் பிரிவும் செம்ப்கார்ப் மரீனும் 2023ல் இணைந்து உருவான சீட்ரியம் என்ற கடல்துறைப் பொறியியல் நிறுவனத்துக்கும் இதே வகை அறிவு தேவை.

இரண்டு பாதைகளும் சந்தித்திருக்க வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையோரம் எம்ஆர்டி பெருவிரைவு ரயில் சுரங்கத்துக்கான அகழ்வு சரிந்து நால்வர் இறந்தனர். மண்ணின் நடத்தையைக் காட்டும் கணித மாதிரியாக, மென்களிமண்ணுக்குப் பொருந்தாத ஒன்றைக் கணினிப் பகுப்பாய்வில் பயன்படுத்தியதால், அகழ்வின் தாங்குசுவரின் வளைவும் அதன் மீதான திருப்புவிசையும் குறைத்துக் காட்டப்பட்டன. அத்தோடு, சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் எஃகுத் தாங்குதண்டுகள், சுவரையொட்டிய கிடைச்சட்டத்தைச் சந்திக்கும் இணைப்புகளில் விறைப்புத் தகடுகளுக்குப் பதிலாக வைத்த ‘சி’ வடிவ எஃகுத் துண்டுகள் வலிமையைச் சற்றே கூட்டின. ஆனால் உச்சச் சுமையைக் கடந்ததும் இணைப்பு தாங்குதிறனைச் சட்டென்று இழக்கும்படி செய்துவிட்டன. முதல் பிழை பொருள் மாதிரியைப் பற்றியது. இரண்டாவது, நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை பற்றியது. இரண்டுமே ஆய்வுக்கூடத்தில் பழகிய பாடங்கள்தாம். ஆழமான அகழ்வு, பழைய கட்டடங்களின் எஞ்சிய வலிமை, தோல்விக் காரண விசாரணை ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்களில் முனைவர் பட்டமும் தொழில்முறைப் பதிவும் ஒருங்கே உடையவருக்குத் தனி இடம் இருப்பது இதனால்தான்.

எதை முதலில் செய்வது? கட்டடத்துறையில்தான் இருக்கப் போகிறோம் என்ற உறுதி உள்ளவர் பதிவை முதலில் முடிக்கட்டும். அலுவலகத்தில் எழும் கேள்வியே பின்னர் நல்ல ஆய்வுத் தலைப்பாக அமையும். விரிசலும் உலோகக் களைப்பும் எந்தப் பொருளில் வந்தாலும் பிடிக்கும் என்பவர், பட்டம் முடித்த கையோடு ஆய்வுக்குப் போகலாம். இடையில் சம்பளத்துக்குப் பழகிவிட்டால் உதவித்தொகைக்குத் திரும்புவது கடினம். முடிவெடுக்க முடியாதவர்களுக்கு, வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் படிக்கும் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. அதில், பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் வரையறு கூறு முறைப் பாடத்தை எடுத்து, நாளெல்லாம் உழைத்த களைப்போடு அந்தக் கணக்குகளில் உட்காரும்போதும் ஆர்வம் மங்கவில்லையென்றால், மேற்பார்வையாளரைத் தேடத் தொடங்கலாம்.