மூன்று மாரி கண்ட எங்கள் வீட்டு வான்

வவுனியாவில் இருக்கும் மச்சான் சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்து, தாமும் ஒரு பழைய டொல்பின் வானை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, எங்களுடையதைப் போலப் படுத்துறங்கும் வண்டியாக மாற்றலாமா என்று கேட்டார். அந்த அழைப்பு வந்தபோது நான் வானின் கூரைமேல் குப்புறப் படுத்து, காற்றுத் துவாரத்தைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடவை பூசப்பட்டிருந்த சிலிக்கனைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எஞ்சின், பற்றரி, சோலர், காஸ் அடுப்பு ஆகியவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மூன்று மாரிகளிலும் அவை எங்களை நடுவழியில் விட்டதில்லை. உப்புக்காற்றில் பின்கதவின் அடி விளிம்பு கறள் பிடித்தது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவத் தொடங்கிய பின்னர் அது பரவவில்லை.

நாங்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்தியில் திரும்பி, ஏ35 வீதியால் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் கடந்து, வட்டுவாகலால் முல்லைத்தீவுக்குப் போய், அங்கிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு ஊடாகக் கொக்கிளாய் வரை செல்வோம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இந்த வழியின் முகமே மாறிவிடும்: கோடையில் வெடித்துக் கிடந்த தரவைகள் நீர் நிரம்பிப் பச்சை பிடிக்கும், நந்திக்கடல் களப்பும் பெருங்கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும், வட்டுவாகலின் பழைய ஒடுங்கிய பாலத்தை உரசிக்கொண்டு தண்ணீர் ஓடும். பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் நாள்களில் நாங்கள் புறப்படுவதில்லை. மற்ற நாள்களில், மழைக்குள் கடலைப் பார்த்தபடி கால் நீட்டிப் படுத்திருப்பதற்கு ஈடான ஒன்றை இந்த வயது வரை நான் அனுபவித்ததில்லை.

ஆனால் அந்தச் சொட்டு. முதல் மாரியில், நாயாற்றுக்கு அருகே நிறுத்தியிருந்த இரவில், விடிய மூன்று மணியளவில் என் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. காற்றுத் துவாரத்தைப் பொருத்திய கராஜுக்குப் போனேன். துவாரத்தின் சட்டத்துக்குக் கீழே றப்பர் வைக்காமல் வெறுமனே முறுக்கியிருந்தார்கள். அது அவர்களுடைய பிழை, அதற்காக நான் கோபப்பட்டதில் தவறில்லை. சிலிக்கன் பூசித் தந்தார்கள். அடுத்த பயணத்திலும் சொட்டியது. மீண்டும் பூசுவித்தேன். அதன் பின்னர்தான் அம்மாவை முதன்முறையாக அழைத்துச் சென்றோம். அன்றிரவு சொட்டு அம்மாவின் கன்னத்தில் விழுந்தது. நான் லைற்றைப் போட்டபோது அவர் எழுந்து உட்கார்ந்து, பேரப்பிள்ளையின் உடுப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 2009 இல் போரால் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்காக இருந்த ஒருவருக்கு, நித்திரையில் முகத்தில் விழும் தண்ணீர் என்னவாக இருக்கும் என்பதை நான் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கோபத்தோடு மூன்றாவது தடவை கராஜில் நான் பேசியவை சரியானவையல்ல. அங்கு வேலை செய்த இளைஞர் கூரையைத் தடவிப் பார்த்து, “இது ஒழுக்கில்லை அண்ணை, வானுக்குள்ள வேர்க்குது” என்றார். நான் நம்பவில்லை, பிழையை மறைக்கிறார் என்று நினைத்து, இன்னொரு பூச்சுப் பூசுவித்துக்கொண்டு வந்தேன். அளம்பிலில் மழையே இல்லாத ஓர் இரவில் மறுபடி சொட்டியபோதுதான் எழுந்து கூரையின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம்போலத் தகரம் முழுவதும் நனைந்திருந்தது. கொசுவுக்கும் வாடைக்காற்றுக்கும் பயந்து கண்ணாடிகளையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு நான்கு பேர் உறங்கும்போது, எங்கள் மூச்சிலும் தோலிலும் இருந்து வரும் ஈரமும் படுக்கப் போகுமுன் தேநீருக்குக் கொதிக்க வைத்த நீரின் ஆவியும் வெளியேற இடமின்றி, குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகித் துவாரத்தின் விளிம்புக்கு வழிந்து வந்திருக்கின்றன. சிலிக்கனால் இதை எப்படி நிறுத்த முடியும்? அந்த இளைஞரிடம் பின்னர் போய் என் தவறை ஒப்புக்கொண்டேன். எனினும், மனிதர் படுக்கப் போகும் வண்டியின் தகரத்தை உட்பூச்சு எதுவுமின்றி வெறுமையாக விட்டுத் தந்ததற்காக அந்தக் கராஜின் மீதுள்ள மனவருத்தம் எனக்குத் தீரவில்லை.

சென்ற மாரிக்கு முன்னர் கூரையின் உட்புறம் முழுவதும் நுரைத்தாள் ஒட்டி, அதன் கீழே மெல்லிய பிளைவூட் அடித்தோம். காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் திறந்து, கொசுவலைத் துண்டு வைத்துவிட்டுப் படுக்கிறோம். தேநீர் வெளியே, பக்கவாட்டுக் கூடாரத் துணியின் கீழேதான். அந்தத் துணியும் நீலத் தறப்பாளாக இருந்ததை மாற்றி, காக்கிக் கன்வசில் தைப்பித்தோம். தகரத்தில் இப்போது ஈரமில்லை. ஆனால் நுரைத்தாள் ஒட்ட முடியாத குறுக்குச் சட்டம் ஒன்று துவாரத்தின் அருகே இன்னும் வியர்க்கிறது. அதோடு, தடித்துப்போன சிலிக்கன் மேலே வரம்புபோல நின்று மழைநீரைத் தேக்கியதால் உண்மையான ஒழுக்கும் இந்த ஆண்டு தொடங்கிவிட்டது. அதைத்தான் நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்கு என் பதில்: வேண்டாம், செய்யாதீர்கள். கொக்கிளாயில் மழை விட்ட ஒரு காலையில், இரண்டு விரல் திறந்த அந்தக் கண்ணாடியால் களப்பில் நின்ற பறவைகளை என் மகள் எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்த பின்னரும், இன்றைக்கு என் பதில் இதுதான். தைப்பொங்கல் முடிந்ததும் புதிய றப்பரோடு மறுபடி போகிறோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். துவாரத்துக்கு நேர் கீழே இம்முறை நான் படுக்கிறேன்.