வாடகை செஸ்னாவா, சொந்த செஸ்னாவா, கிளைடரா?

அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் 'நூறு டாலர் பர்கர்' என்று கேலியாகச் சொல்வார்கள். சனிக்கிழமை காலை பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் பறந்துபோய் ஒரு பர்கர் தின்றுவிட்டுத் திரும்பினால், பர்கர் விழும் விலை அது. பழைய கணக்குதான்; இன்று நூறில் முடியாது.

வாடகைக்குப் போனால் அநேகமாகக் கிடைப்பது செஸ்னா 172 என்ற சின்ன விமானம். இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். மணிக்கு 30 லிட்டர் போல எரிபொருள் குடிக்கும். அது பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். வயிற்றைக் கலக்குவது, வாடகைக்கு மணிக்கணக்குப் பார்க்கும் ஹாப்ஸ் மீட்டர். என்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். முன்னால் நிற்கிற மூன்று விமானங்கள் கிளம்பட்டும் என்று தரையில் காத்திருந்தாலும் ஆட்டோவின் வெயிட்டிங் சார்ஜ் மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, வாங்கிவிடலாமா? ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, இன்சூரன்ஸ், 12 மாதத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை என்று இது நின்றாலும் தின்னும். பறக்காமல் வைத்தால் மிச்சம் என்றும் நினைக்க முடியாது. 172-களில் பெரும்பாலும் இருக்கும் லைகாமிங் என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் ஓட்டாவிட்டால் ஆயில் வடிந்து அது துருப்பிடிக்கும். அப்புறம் என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். ஆண்டுக்கு 100 மணி நேரமாவது பறப்பவருக்குத்தான் சொந்த விமானம் கட்டுப்படியாகும் என்பது அங்கே வாய்வழக்கான கணக்கு. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். ஆனால் நாலு பேருக்கும் வேண்டியது அதே சனிக்கிழமை காலை!

என் ஓட்டு, என்ஜினே இல்லாத கிளைடருக்கு. இழுவை விமானம் கயிறு கட்டி 2,000, 3,000 அடிக்குக் கொண்டுபோய் விடும். கயிறு கழன்றதும் காற்றின் இரைச்சல் மட்டும்தான். கண் முன்னே கண்ணாடியில் ஒட்டிய ஒரு துண்டுக் கம்பளி நூல்தான் முக்கியமான கருவி. நூலின் வால் இடப்பக்கம் சாய்ந்தால் வலது கால் பெடலை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். பருந்து வட்டமடிக்கும் இடத்தில் வெப்பக்காற்று மேலே போகிறது என்று அர்த்தம். அதற்குள் புகுந்து நாமும் சுற்றலாம். 14 வயதிலேயே தனியாக ஓட்ட அனுமதி உண்டு. என்ஜின் விமானத்துக்கு 16 ஆக வேண்டும்.

கிளைடரில் பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும். நம் முறை வரும்வரை வெயிலில் நின்று, அடுத்தவர் கிளைடரின் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். அன்று வெப்பக்காற்று கிளம்பாவிட்டால், நாள் முழுக்க நின்றதற்கு இருபது நிமிடப் பறப்பு. பர்கர் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும்.