காதல் நாவல் எடிட்டிங்குக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

இருபத்தெட்டாயிரத்தை முழுசாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, என் நாவலில் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ (ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றும் வசதி) அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘முழுமையான எடிட்டிங்’. என் புகாருக்கு இன்று காலை வந்த கடைசி பதில், “உங்கள் டிக்கெட் மூடப்பட்டது.” அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் நாகரிகமாக எழுதத் தோன்றும், அதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எடிட்டரிடம் போவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

பெயர் போடப் போவதில்லை. ‘சட்ட நடவடிக்கை’ என்ற சொல் அவர்களுடைய மெயிலில் ஏற்கெனவே வந்தாயிற்று. வகையை மட்டும் சொல்கிறேன். சொந்தமாகப் புத்தகம் போடுகிற எழுத்தாளர்களுக்கு எடிட்டிங், அட்டைப்படம், மின்னூல் வடிவமைப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவை. காதல் கதைகளுக்கென்றே தனிப் பிரிவு, தனி எடிட்டர்கள் என்று விளம்பரம் வேறு.

என் நாவல் 82,000 சொல், 38 அத்தியாயம். மதிக்கும் செழியனுக்கும் நடந்த நிச்சயதார்த்தம் முறிந்துபோய், ஏழு வருடம் கழித்து இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். அதுதான் கதை. இரண்டாம் வரைவு முடித்துவிட்டேன். எங்கேயோ உதைக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. படித்த தோழிகள் எல்லாரும் “சூப்பர்டி” என்றார்கள். சூப்பரை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

ஒற்றுப்பிழை பார்க்க நான் ஆள் தேடவில்லை. அது வேறு வேலை. கதையின் கட்டமைப்பைப் பார்ப்பது ஒன்று, வாக்கியம் வாக்கியமாகச் செதுக்குவது இன்னொன்று, இலக்கணமும் பெயர்களும் விவரங்களும் கடைசிவரை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மூன்றாவது, அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்ப்பது நாலாவது. இந்த நாலையும் ‘எடிட்டிங்’ என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். முதலாவதற்குப் பணம் வாங்கிக்கொண்டு நாலாவதில் பாதியைச் செய்துகொடுக்க வசதியான ஏற்பாடு.

எனக்கு விற்ற பேக்கேஜில் மூன்று விஷயம் எழுத்தில் இருந்தது. கட்டமைப்பு பற்றி விரிவான அறிக்கை. ஓரக்குறிப்புகளோடு வரிவரியான திருத்தம். அந்தக் கருத்துகளை வைத்து நான் திருத்தி எழுதிய பிறகு அதே எடிட்டர் இன்னொரு முறை முழுசாகப் படிப்பது. மூன்றும் சேர்த்து 28,000. மூன்றாவதற்காகத்தான் நான் இந்தப் பேக்கேஜை எடுத்தேன். கருத்துச் சொல்ல நூறு பேர் கிடைப்பார்கள். சொன்னதை வைத்து நாம் திருத்திய பிறகு, சரியாக வந்திருக்கிறதா, முன்னால் இருந்ததே தேவலையா என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

நம்பியது எப்படி என்று கேட்பீர்கள். இலவச மாதிரி கேட்டேன், முதல் அத்தியாயத்தை எடிட் செய்து அனுப்பினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு எடிட்டிங்கை நான் பார்த்ததில்லை. மருத்துவமனை வரவேற்பறையில் செழியனைப் பார்த்ததும் மதிக்குக் கோபம் வருகிறது, கையில் இருந்த ரசீதை மடிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள், இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்குச் சின்னதாக்குகிறாள் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு: “கோபம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவள் கை பயம் என்று சொல்கிறது. வாசகி கையைத்தான் நம்புவாள். எது என்று முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் பயம்.”

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உதைக்கிறது உதைக்கிறது என்றேனே, அதில் பாதி அந்த ஒரு குறிப்பில் இருந்தது. மதி கதை முழுக்கக் கோபமாகவே இருக்கிறாள், ஆனால் அவள் செய்கிற காரியம் ஒவ்வொன்றும் பயந்தவள் செய்கிற காரியம். இப்படி ஒருவர் 38 அத்தியாயமும் படித்தால் என் நாவல் எங்கேயோ போய்விடும் என்று தோன்றியது. எடிட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் குறிப்பை இப்போதும் உதாரணம் காட்டுவேன். இடத்தைத் தொட்டுக் காட்டியது, படிக்கிறவளுக்கு என்ன தோன்றுகிறது என்று சொன்னது, எப்படி மாற்றுவது என்பதை என்னிடமே விட்டது.

“இதே எடிட்டர்தானே முழு நாவலும் பார்ப்பார்?” என்று கேட்டேன். “நிச்சயமா மேடம், உங்க கதை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஆனா இந்த மாசம் ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கு” என்றார் போனில் பேசியவர். அன்றைக்கே கட்டினேன். இருபத்தெட்டாயிரம், ஒரே தவணை.

பணத்தோடு மூன்று கேள்விகளும் அனுப்பியிருந்தேன். ஒன்று, 29-ம் அத்தியாயத்தில் இருவரும் பிரிவது நம்பும்படி இருக்கிறதா, இல்லை ஒரு போன் பண்ணிப் பேசினால் தீர்ந்துவிடுகிற சண்டையாகத் தெரிகிறதா? காதல் நாவலில் இது உயிர்நாடி. கடைசியில் சேரப்போகிறார்கள் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரியும். இன்னும் ஏன் சேரவில்லை என்பதுதான் பக்கத்தைப் புரட்டவைக்கிறது, அந்தக் காரணம் சொத்தையாக இருந்தால் முடிவு இனிக்காது. இரண்டாவது, ஒரே காட்சிக்குள் அவள் மனசிலிருந்து அவன் மனசுக்குத் தாவியிருக்கிறேனா? மூன்றாவது, செழியன் மன்னிப்புக் கேட்கிற இடம் சீக்கிரமே வந்துவிடுகிறதா?

மூன்றுக்கும் இன்றுவரை ஒரு வரி பதில் கிடையாது.

வந்ததைச் சொல்கிறேன். சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது, அப்போதே வயிற்றைக் கலக்கியது. அறிக்கை என்று இரண்டு பக்கம். “கதாபாத்திரங்களுக்கு இன்னும் ஆழம் சேர்க்கலாம்.” “உணர்வுகளைச் சொல்லாமல் காட்டலாம்.” “சில இடங்களில் வேகம் குறைகிறது.” எந்தக் கதாபாத்திரம், எந்த உணர்வு, எந்த இடம்? இதை எந்த நாவலுக்கும் அனுப்பலாம், சமையல் புத்தகத்துக்குக்கூட அனுப்பலாம். குறிப்பாகச் சொன்னது இரண்டே இரண்டு. “நாயகனின் தாயாரை இன்னும் வலுவாகக் காட்டலாம்.” செழியனின் அம்மா கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார், நிச்சயதார்த்தம் முறிந்ததே அந்தச் சாவினால்தான். “இறுதிக்கு முன் ஒரு பிரிவைக் கொண்டுவரலாம்.” 29, 30, 31 மூன்று அத்தியாயமும் பிரிவு! அதைப் பற்றித்தானே நான் கேள்வியே கேட்டிருந்தேன்!

அதாவது, படிக்கவே இல்லை. மனுஷன் எழுதியதா மெஷின் எழுதியதா என்பது பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. எது எழுதியிருந்தாலும் அது என் நாவலைப் பார்க்கவில்லை.

அடுத்து ‘எடிட் செய்த’ ஃபைல். ‘ட்ராக் சேஞ்சஸ்’ (செய்த மாற்றங்களைக் குறித்துக் காட்டும் வசதி) இல்லை, ஓரக்குறிப்பு ஒன்றுகூட இல்லை, எதை மாற்றினார்கள் என்றே தெரியாத சுத்தமான ஃபைல். முதல் பக்கத்திலேயே மதியைக் காணோம், நிலா என்று ஒருத்தி நிற்கிறாள். ‘மதி’ பழைய பெயராம், வாசகர்களுக்கு ஒட்டாதாம். கேட்டார்களா? இல்லை. சரி, மாற்றியதையாவது கையால் மாற்றினார்களா? மொத்த ஃபைலிலும் ‘மதி’ என்று இருக்கிற இடத்தில் எல்லாம் ‘நிலா’ என்று ஒரே அடி. தமிழில் இப்படி அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? ‘மதிக்கு’ என்பது ‘நிலாக்கு’ ஆகும். ‘மதியின்’ என்பது ‘நிலாயின்’. அனுமதி ‘அனுநிலா’. மதியம் ‘நிலாயம்’. “நிம்மதியாகத் தூங்கினான்” என்று நான் எழுதியதை “நிம்நிலாயாகத் தூங்கினான்” ஆக்கிவைத்திருக்கிறார்கள். மதிப்பெண் ‘நிலாப்பெண்’ ஆகியிருந்தது, அது ஒன்றுதான் பரவாயில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய இடம். இந்த முறை அவன் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள். அடுத்த வரி, தனியாக ஒரே வரி: “அவன் சம்மதித்தான்.” எடிட் ஆகி வந்திருப்பது: “அவன் சம்நிலாத்தான்.”

இருபத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய வரி அது.

வேர்டில் ‘கம்பேர்’ என்று ஒன்று இருக்கிறது. ‘ரிவ்யூ’ பகுதியில், இரண்டு ஃபைலைக் கொடுத்தால் வித்தியாசத்தை வரிவரியாகக் காட்டிவிடும். என் மூல ஃபைலையும் இதையும் போட்டுப் பார்த்தேன். பெயர் மாற்றம், இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கியது, ஆச்சரியக்குறிகளைக் குறைத்தது. 38 அத்தியாயத்திலும் வேறெதுவும் இல்லை. ஒரு வாக்கியம்கூட மாறவில்லை. நானே பார்த்துவைத்திருந்த ஒற்றுப்பிழைகள்கூட அப்படியே கிடக்கின்றன. ஃபைலின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ‘டோட்டல் எடிட்டிங் டைம்’ 11 நிமிடம். 82,000 சொல்லுக்கு. எடிட்டிங் உலகத்தில் வழக்கமாக 250 சொல்லை ஒரு பக்கம் என்று கணக்குப் போடுவார்கள், அப்படிப் பார்த்தால் 328 பக்கம். பதினோரு நிமிடத்தில் அதை ஸ்க்ரோல் செய்து முடிப்பதே பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னொரு கூத்து. முதலில், “ஃபீட்பேக்கை ஏத்துக்கறது கஷ்டமாத்தான் இருக்கும் மேடம், எல்லா ரைட்டர்ஸுக்கும் அப்படித்தான்.” நான் எழுதியதைக் குறை சொல்லிவிட்டார்கள் என்று கோபப்படுகிறேனாம்! குறையே சொல்லவில்லையே என்பதுதானய்யா என் கோபம். ‘சம்நிலாத்தான்’ ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். “எடிட்டிங் என்பது ரசனை சார்ந்தது” என்று பதில். இது ரசனையா?

அப்புறம் வழக்கமான ஆட்டம். டீமிடம் சொல்லியிருக்கிறோம். எடிட்டர் விடுப்பில் இருக்கிறார். சீனியர் கூப்பிடுவார். சீனியர் ஒரு நாள் கூப்பிடவும் செய்தார். மாதிரியைச் செய்த எடிட்டரிடம் பேச வேண்டும் என்றேன். “அவங்க சாம்பிள் டீம் மேடம், ப்ராஜெக்ட் டீம் வேற” என்றார், பல் விளக்குவதைப் போல அவ்வளவு சாதாரணமாக. மாதிரி செய்வதற்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள்! நல்ல எடிட்டரை வாசலில் உட்காரவைத்திருக்கிறார்கள், உள்ளே வேலை செய்ய அவர் கிடையாது. பதினோரு நிமிடக் கணக்கைச் சொன்னால், வேறு பெயரில் சேவ் செய்தால் அந்த நேரம் மாறிவிடும், அதை ஆதாரமாக எடுக்க முடியாது என்றார். சரி, அதை விடுங்கள், கம்பேர் முடிவுக்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

இரண்டாவது முறை படிப்பதாகச் சொன்னார்களே, அது? நான் ‘எடிட் செய்த ஃபைலில்’தான் திருத்தி அனுப்ப வேண்டுமாம், என் மூல ஃபைலில் திருத்தினால் செல்லாதாம். நிலாக்கு, நிலாயின், நிலாயம் எல்லாவற்றையும் நான் உட்கார்ந்து சரிசெய்துகொடுத்தால் அவர்கள் படிப்பார்களாம். இல்லையென்றால் ‘ப்ரீமியம் ரீஎடிட்’ இருக்கிறதாம், இன்னொரு 12,000. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சேவை வழங்கப்பட்டுவிட்டதால் 28,000-ஐத் திருப்பித் தர இயலாது.” இன்று காலை டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள்.

பார்க்க வேண்டியவை என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு கார்டு நிறுவனத்துக்கு டிஸ்ப்யூட் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது, அதற்குக் காலக்கெடு உண்டு. அதனால் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மாதிரிக்கு முதல் அத்தியாயத்தைக் கொடுக்காதீர்கள், நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுங்கள். மாதிரி செய்தவர்தான் முழுசும் செய்வார் என்பதை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது காற்றோடு போச்சு. ட்ராக் சேஞ்சஸ் இல்லாத ஃபைலை வாங்கவே வாங்காதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், அறிக்கைக்கு ஒரு தவணை, திருத்தத்துக்கு ஒரு தவணை என்று பிரியுங்கள். ‘ஒரே ஒரு ஸ்லாட்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் 1998-லிருந்து எழுத்தாளர்களைக் குறிவைக்கும் மோசடிகளைப் பற்றி எழுதிவரும் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தை ஒருமுறை மேய்ந்துவிடுங்கள்.

இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். இதே வகைச் சேவையில் இதே ‘சாம்பிள் டீம்’ கதையை அனுபவித்தவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், ரசீதும் மெயில்களும் அழிக்காமல் வைத்திருங்கள். 28,000 திரும்பி வருகிறதா இல்லையா என்பதை இதே பதிவின் கீழே சேர்க்கிறேன்.