தள்ளாமல் துளைக்கும் ஊசி: ஆறு வருடப் பழக்கம்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) அப்ளேஷன், அதாவது கோளாறுக்குக் காரணமான திசுவைச் சுட்டுச் செயலிழக்கச் செய்வதுதான் என் அன்றாட வேலை. தொடை இரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது மேலறைக்குச் சுலபமாகப் போய்விடலாம். ஆனால் வேலை இருப்பது இடது மேலறையில். நடுச்சுவரில் ஃபோஸா ஒவாலிஸ் என்ற மெல்லிய பள்ளத்தைத் துளைத்துத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

1959-ல் ஜான் ராஸ், கான்ஸ்டன்டின் கோப் என்ற மருத்துவர்கள் இந்த வழியைத் திறந்ததிலிருந்து நெடுங்காலம் கூர்மையான ஊசியும் கை விசையும்தான் துணை. நானும் பிராக்கன்பரோ என்ற அந்தக் கூர் ஊசியில்தான் பழகினேன். மெல்லிய சுவர் என்றால் அதில் குறையே சொல்ல முடியாது. ஏற்கனவே ஒருமுறை துளைத்துத் தழும்பேறிய சுவரிலும், தொளதொளவென ஆடும் சுவரிலும்தான் சிக்கல். சுவர் கூடாரம் போல இடது பக்கம் புடைத்துக்கொண்டே போகும், ஊசி இறங்காது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் திடீரென்று உள்ளே பாயும். எனக்கு ஒருமுறை அப்படிப் பாய்ந்து எதிர்ச்சுவரில் பட்டுவிட்டது. இதய உறைக்குள் சேர்ந்த இரத்தத்தைக் குழாய் போட்டு வடித்தோம். நோயாளி நலமாக வீடு திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகு புடைத்த சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தயங்கும்.

ரேடியோ அலை ஊசிக்கு மாறியது அப்போதுதான். இதன் முனை மழுங்கலானது. அப்ளேஷனில் 30 முதல் 50 வாட் வரை பல நொடிகள் கொடுத்துத் திசுவை வேகவைக்கிறோம். இங்கே மிகச்சிறிய முனையில் அதிக வோல்டேஜ், ஓரிரு நொடி மட்டும். முனையை ஒட்டிய செல்களின் நீர் ஆவியாகி வழி விடுகிறது. சுவர் லேசாகப் புடைத்தால் போதும், மின்சாரம் தரும் கால் பெடலை மிதித்ததும் ஊசி அந்தப் பக்கம் போய்விடும். முதல் நாள் நம்பவே முடியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஊசி தவறான இடத்தில் பட்டால் கைக்குத் தெரியும், தடுமாறும். இது எங்கே வைத்தாலும் துளைக்கும். பள்ளத்துக்குச் சற்று முன்னால் மகாதமனி இருக்கிறது! அதனால் எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைக் காட்டும் படம்) முனையைத் தெளிவாகப் பார்க்காமல் நான் பெடலைத் தொடுவதில்லை. எக்ஸ்ரேயை மட்டும் நம்பிப் பழகியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். ஆரம்பத்தில் ஊசிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் அடிக்கடி பிழை காட்டியது; மின்சாரம் திரும்பிப் போகத் தொடையில் ஒட்டும் பேட்ச் வியர்வையில் கழன்றிருந்ததே காரணம். முனை டைலேட்டருக்கு (ஊசியைச் சுற்றியுள்ள, துளையை விரிக்கும் குழாய்) வெளியே வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது எக்கோவில் நுண்குமிழிகள் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விலைதான் உறுத்துகிறது. ஒருமுறைக்கு மட்டுமான கருவி, தனி ஜெனரேட்டரும் வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது அறைகளுக்கு இடையே உள்ள வால்வு) சுருங்கி, இதே துளை தேவைப்படும் பலூன் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் கூலி வேலை செய்பவர்கள். சுவர் ஒத்துழைத்தால் அவர்களுக்குப் பழைய ஊசியையே எடுக்கிறேன். தழும்பேறிய சுவர் என்றால் மட்டும் செலவைப் பற்றி வீட்டாரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.